அலமாரிக்கு இந்தப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுடையவை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேராசிரியை இல்லை. ஒரு பல்கலைக்கழக ஆங்கிலத் துறையின் நூலகத்தில் இருபத்தொன்பது வருஷம் புத்தகம் எடுத்துக் கொடுத்தும், திரும்பி வந்ததை அடுக்கியும், வராததற்கு ஆள் தேடியும் காலம் கழித்தவள். கருத்தரங்குக் கூடத்தின் சாவியும் என்னிடம்தான் இருந்தது. அதனால் எந்தக் கூட்டத்துக்கு யார் வந்தார்கள், யார் பாதியில் நழுவினார்கள் என்பது பேச்சாளர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அனுபவத்திலிருந்துதான் பதில்கள்.

மேடம், எங்கள் துறையில் அடிக்கடி சிறப்புச் சொற்பொழிவு வைக்கிறார்கள். வருகைப் பதிவுக்காகக் கடைசி வரிசையில் போய் உட்காருகிறேன். பாதிக்கு மேல் புரிவதில்லை. போகத்தான் வேண்டுமா?
– முதுகலை முதலாண்டு மாணவி

போங்கள். கடைசி வரிசையை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே பேச்சைவிடப் பக்கத்து நாற்காலிக் கிசுகிசுதான் அதிகம் கேட்கும்.

புரியாததற்குக் காரணம் பாதி உங்கள் பக்கம், பாதி பேச்சாளர் பக்கம். எழுதிக்கொண்டு வந்ததைத் தலை நிமிராமல் வாசித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களை யாராலும் பின்தொடர முடியாது, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் பக்கத்துப் பாதிக்கு ஒரு வழி இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் தலைப்பை ஒட்டியதும், அதில் எந்தப் படைப்பின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் படைப்பில் பத்துப் பக்கம், சரி, ஐந்து பக்கமாவது படித்துவிட்டுப் போங்கள். கோட்பாட்டுச் சொற்கள் தலைக்கு மேலே பறந்தால் பறக்கட்டும். அவர் எடுத்துக்காட்டும் வரி உங்களுக்கு ஏற்கெனவே பார்த்த முகமாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே கரையேறிவிடலாம்.

கையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். சொன்னதையெல்லாம் எழுத வேண்டாம். புரியாத ஒரு வாக்கியத்தை, அவர் சொன்னபடியே எழுதுங்கள். கேள்வி நேரத்தில் அதைத்தான் கேட்க வேண்டும்.

ஒருமுறை ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தைப் பற்றி ஒரு வெளியூர்ப் பேராசிரியர் பேசினார். கேள்வி நேரம் வந்தது. வழக்கம்போல மூத்தவர் ஒருவர் எழுந்து, கேள்வி என்ற பெயரில் இன்னொரு சொற்பொழிவு ஆற்றி அமர்ந்தார். அப்புறம், வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள். "சார், கடைசி வசனத்தை எட்கர் பேசுவதாகச் சொன்னீங்க. என் புத்தகத்துல ஆல்பனி பேசறான். அச்சுப் பிழையா?" கூடம் சிரித்தது. பேச்சாளர் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

அது பிழை இல்லை. அந்த நாடகம் 1608இல் தனியாக, குவார்ட்டோ என்னும் சிறு நூலாக வந்தபோது கடைசி வசனம் ஆல்பனிக்கு. 1623இல் முதல் ஃபோலியோ என்ற ஷேக்ஸ்பியர் நாடகப் பெருந்தொகுப்பில் வந்தபோது அதே வசனம் எட்கருக்கு. முன்னதில் இருக்கும் ஏறத்தாழ 300 வரிகள் பின்னதில் இல்லை. பின்னதில் புதிதாகச் சேர்ந்தவை 100 வரி போல. புத்தி பேதலித்த மன்னன் தன் பெண்கள் எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு விசாரணை நடத்துவானே, அந்த இடம் 1608 அச்சில் மட்டும்தான் உண்டு. நம் கையில் இருக்கும் பல பதிப்புகள் இரண்டையும் கலந்து தைத்தவை. 1986இல் வந்த ஆக்ஸ்போர்டு பதிப்பு இரண்டையும் தனித்தனி நாடகமாகவே அச்சிட்டது. நாடு கடைசியில் யார் பொறுப்பில் போகிறது என்பதே அந்த நான்கு வரியை யார் வாயில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது, என்றார் அவர். அன்று நான் கூடத்தைப் பூட்ட முக்கால் மணி நேரம் தாமதம். அந்தப் பெண் பின்னால் பதிப்பியலில் ஆய்வு செய்யப் போனாள். சிரித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை.

நோட்ஸ் படித்தே முதல் வகுப்பு வாங்கிவிடலாம் என்கிறார்கள் சீனியர்கள். உண்மையா?
– இளங்கலை மாணவர்

உண்மைதான். நீச்சல் பற்றிய புத்தகத்தைப் படித்து நீச்சல் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கலாம், தேர்வு காகிதத்தில் நடந்தால்.

புத்தகம் வாங்க வசதி இல்லை. எங்கள் துறை நூலகத்தில் ஒரே ஒரு பிரதி, அதுவும் எப்போதும் வெளியே. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை நம்பிப் படிக்கலாமா?
– முதுகலை மாணவர்

ஒரே பிரதி எப்போதும் வெளியே இருக்கிறது என்றால், அது ஒரே ஆளிடம் இருக்கிறது என்று அர்த்தம். நூலகரிடம் பெயர் பதிந்து வையுங்கள். வெட்கப்பட வேண்டாம். கேட்டு வருகிறவர் பட்டியல் நீண்டால்தான் இரண்டாம் பிரதி வாங்கச் சொல்லி எங்களால் மேலே எழுத முடியும். கேட்காத புத்தகத்தை எந்தக் குழுவும் வாங்காது.

இணையத்துக்கு வருகிறேன். காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களுக்கு முதல் வாசல் கூட்டன்பர்க் திட்டம். 1971இல் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கணினியில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து தொடங்கியது அது. இன்றைக்குப் பல்லாயிரம் நூல்கள். ஆனால் பதிவிறக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்தப் பதிப்பு?

ஏன் இப்படிப் பிடிவாதம் என்றால், 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1818இல் வந்த முதல் பதிப்பில் எலிசபெத் விக்டருக்கு அத்தை மகள். 1831இல் மேரி ஷெல்லி திருத்தி வெளியிட்டபோது அவள் இரத்த உறவே இல்லை. ஓர் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்து, தத்தெடுக்கப்பட்டவள். இரண்டு மாணவர்கள் இரண்டு பதிப்பை வைத்துக்கொண்டு என் மேஜை முன்னால் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். இரண்டு பேரும் சரி. எந்தப் பதிப்பு என்று முதல் பக்கத்தைப் பார்த்திருந்தால் சண்டை அப்போதே கட்டுரையாகியிருக்கும்.

ஷேக்ஸ்பியருக்கு வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தின் பக்கத்துக்குப் போங்கள். 1932இல் திறந்த நூலகம். முதல் ஃபோலியோ பிரதிகள் 82 அங்கே இருக்கின்றன, உலகில் வேறெங்கும் அத்தனை ஒரே இடத்தில் கிடையாது. அவர்கள் பதிப்பித்த நாடகங்களின் மூலம் முழுக்க இலவசம். பிளேக் கவிதைகளை வெறும் எழுத்தாகப் படிக்காதீர்கள். அவர் கவிதையையும் படத்தையும் தானே செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டியவர். 1996 முதல் இயங்கும் பிளேக் ஆவணக் காப்பகத்தில் ஒரே புலிக் கவிதையின் பல பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் நிறம் ஒரு மாதிரி, அடுத்ததில் வேறு மாதிரி.

எமிலி டிக்கின்சன் விஷயம் இதைவிடச் சுவை. ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதிய அம்மாளுக்கு, உயிரோடிருந்தபோது அச்சேறியவை பத்துப் போல. இறந்தபின் 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் அவர் போட்ட சிறு கோடுகளை நீக்கி, நிறுத்தக்குறிகளைச் சீராக்கி, தலைப்பும் சூட்டிவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான். 2013இல் திறந்த டிக்கின்சன் காப்பகத்தில் அவர் கையெழுத்துப் பிரதிகளையே பார்க்கலாம். அந்தக் கோடுகளில் சில மேலே ஏறுகின்றன, சில கீழே இறங்குகின்றன. அச்சில் எல்லாம் படுத்துக்கொள்கின்றன.

காதால் கேட்க லிப்ரிவாக்ஸ் இருக்கிறது, 2005 முதல். தன்னார்வலர்கள் வாசிப்பது, எனவே சிலர் பிரமாதம், சிலர் தூக்க மருந்து. ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் போன்ற களஞ்சியங்கள். இவற்றைத் தனியாகப் போய்த் தட்டாதீர்கள், பல்கலைக்கழக நூலகக் கணக்கு வழியாக நுழையுங்கள். உங்கள் கட்டணத்தில் ஏற்கெனவே அதற்குப் பணம் போயிருக்கும். அது தெரியாமல் படிப்பை முடித்துவிட்டுப் போன பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன்.

சொல்லைத் தட்டினால் போனில் அர்த்தம் வருகிறது. இன்னும் ஏன் அந்த இருபது தொகுதி அகராதியை பார்வை நூல் அலமாரியில் வைத்துப் பூஜிக்கிறீர்கள்?
– இளங்கலை இறுதியாண்டு மாணவர்

பூஜிக்கவில்லை தம்பி, தூசி தட்டினேன். இரண்டும் வேறு.

போன் சொல்வது அந்தச் சொல்லுக்கு இன்று என்ன பொருள் என்று. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி அந்தச் சொல் எப்போது பிறந்தது, எந்த ஆண்டில் யார் எப்படிப் பயன்படுத்தினார், எப்போது குணம் மாறியது என்று அதன் வாழ்க்கை வரலாற்றையே தரும். ஜேன் ஆஸ்டினின் 1813ஆம் வருஷத்து நாவலான 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்'இல் எலிசபெத், தன் அக்கா ஜேனைப் பார்த்து 'கேன்டிட்' என்கிறாள். இன்று அந்தச் சொல்லுக்கு மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்பவர் என்று பொருள். எனக்குத் தெரிந்து மூன்று தேர்வுத்தாள்களில் ஜேனை வெடுக்கென்று பேசுகிற பெண்ணாக எழுதிவைத்திருந்தார்கள்! ஆஸ்டின் காலத்தில் அது பிறரிடம் நல்லதையே பார்க்கும் மனசைக் குறித்த சொல். ஜேன் பாத்திரமே அதுதான். 'நைஸ்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். முட்டாள் என்ற பொருளில் புறப்பட்டு, நுணுக்கம் பார்ப்பவராகி, கடைசியில் யாரையும் நோகடிக்காத இனிமையில் வந்து ஓய்ந்தது.

இந்த அகராதி உண்டான கதையே ஒரு நாவல். திட்டம் தொடங்கியது 1857இல், முதல் பகுதி அச்சானது 1884இல், முடிந்தது 1928இல். ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரி முடிவைப் பார்க்காமலேயே 1915இல் போய்விட்டார். ஊர்பேர் தெரியாத வாசகர்கள் படிக்கும் நூல்களிலிருந்து மேற்கோளைச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள், இலட்சக்கணக்கில் சீட்டுகள். கொலை செய்துவிட்டு மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்த ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவரும் அவர்களில் ஒருவர். அங்கே அவருக்குப் புத்தகங்கள் இருந்தன, நேரமும் இருந்தது.

இருபது தொகுதி என்பது 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு. 2000 முதல் இணையத்திலும் இருக்கிறது. பல பல்கலைக்கழக நூலகங்களில் சந்தா உண்டு. உங்கள் துறையில் உண்டா என்று நூலகரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

நான் துறை இலக்கிய மன்றத்தின் செயலாளர். நிகழ்ச்சி வைத்தால் கூட்டம் வருவதில்லை. வருகிறவர்களும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என்ன செய்ய?
– மன்றச் செயலாளர்

சாவி வைத்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நான் பார்த்த மோசமான நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ஒரே சாடை. பெரிய பேனர், நான்கு வரவேற்புரை, முக்கால் மணி நேரத் தாமதம், அப்புறம் ஒருவர் மட்டும் பேசுவது. கூட்டம் சேர்க்க வேண்டும் என்ற நினைப்பையே ஒரு பருவத்துக்கு ஒத்திப்போடுங்கள். எட்டுப் பேர் போதும். எட்டுப் பேரும் வாய் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெயரில்லாக் கவிதை நேரம் என்று ஒன்று வையுங்கள். இது என் சரக்கு இல்லை. 1920களில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தன் மாணவர்களுக்குக் கவிதைகளைக் கவிஞர் பெயர் இல்லாமல் அச்சடித்துக் கொடுத்து, ஒரு வாரம் அவகாசம் தந்து, தோன்றியதை எழுதி வாங்கினார். பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த எதிர்வினைகளை 1929இல் புத்தகமாகவும் போட்டார். படித்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். இன்று பெருங்கவிஞர்களாகக் கொண்டாடப்படும் ஜான் டன், ஹாப்கின்ஸ் எழுதியவை பலருக்கு எட்டவே இல்லை. இன்றைக்கு யாரும் நினைக்காத கவிஞர்களுக்குப் பாராட்டு. இலக்கியம் படிக்க என்றே வந்த மாணவர்கள் அவர்கள்!

எங்கள் துறையில் இதை மூன்று பேரோடு தொடங்கினார்கள். இடம், என் நூலகத்தின் ஜன்னல் பக்க மேஜை. நேரம், வியாழக்கிழமை கடைசி வகுப்புக்குப் பிறகு. கட்டுப்பாடு ஒன்றுதான்: முதலில் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், அப்புறம் இன்னொருவர் அதையே வாசிக்க வேண்டும். இரண்டு வாசிப்பும் ஒரே மாதிரி இருக்காது. அந்த வித்தியாசத்திலிருந்து பேச்சு தானாகத் தொடங்கிவிடும். நடுவே பேராசிரியர் ஒருவர் வந்தார். அவருக்கும் பெயர் சொல்லாமல்தான் தாளைக் கொடுத்தார்கள். ஒரு மாணவன் எழுதிய கவிதையைப் பதினெட்டாம் நூற்றாண்டு என்று அடித்துச் சொல்லிவிட்டார். மனுஷர் பெருந்தன்மைக்காரர், விஷயம் தெரிந்ததும் கைதட்டினார். அடுத்த வாரம் பதினோரு பேர்.

வருஷத்துக்கு ஒன்று பெரிதாகத்தான் வேண்டும் என்றால் தொடர் வாசிப்பு வையுங்கள். மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' பத்தாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரி. 1667இல் பத்துப் பகுதியாக வந்து, 1674இல் பன்னிரண்டாகப் பிரிக்கப்பட்டது. காலையில் தொடங்கி ஆள் மாற்றி ஆள் வாசித்தால் ராத்திரிக்குள் முடியும். பல பல்கலைக்கழகங்களில் இதைச் செய்கிறார்கள். அந்தக் காவியத்துக்கு அதுதான் பொருத்தம். பார்வை போன மில்டன் வரிகளை மனதில் கட்டி வைத்துக்கொண்டு, காலையில் எழுத ஆள் வந்ததும் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். ஆள் வரத் தாமதமானால், தன்னைக் கறக்க வேண்டும் என்று புலம்புவாராம், மடி கட்டிய மாடு மாதிரி. வாயிலிருந்து வந்ததை வாயால்தான் வாசிக்க வேண்டும். பேராசிரியர், அலுவலக உதவியாளர், பக்கத்துத் துறை மாணவர், யார் வந்தாலும் ஐம்பது வரி கொடுங்கள். உச்சரிப்பைத் திருத்துகிறவர்களை வாசல் பக்கம் உட்கார வையுங்கள். நான் ஒருமுறை ஏழாம் பகுதியில் ஐம்பது வரி வாசித்தேன். பாதி புரியவில்லை, குரல் நடுங்கியது. இன்றைக்கும் அதிலே ஆறு வரி மனப்பாடம்.

வரவேற்புரையை மட்டும் தயவு செய்து ஒன்றாகக் குறையுங்கள்.

மாநாட்டில் கட்டுரை வாசித்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று நண்பர்கள் மாதந்தோறும் போகிறார்கள். நானும் தொடங்கலாமா? கட்டுரை எப்படித் தயாரிப்பது?
– ஆய்வு மாணவி

மாதம் ஒரு கட்டுரையா? அவர்கள் எழுதுகிறார்களா, அச்சிடுகிறார்களா?

எந்த மாநாடு என்று பொறுக்கிப் பாருங்கள். சுருக்கத்தை அனுப்பிய மறுநாளே ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள் என்று பதில் வந்தால் அதை யாரும் படிக்கவில்லை என்று பொருள். தலைப்பில் இலக்கியமும் இருந்து, மேலாண்மையும் இருந்து, பொறியியலும் இருந்தால் அது மாநாடு இல்லை, சந்தை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆங்கிலத் துறை, கட்டுரை அழைப்புகளுக்கென்றே வெகு காலமாக ஒரு பட்டியல் நடத்துகிறது. எந்தத் துறைக்காரர்கள் இப்போது எதைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிய அதை வாரம் ஒருமுறை புரட்டுங்கள். அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, அழைப்புகளைப் படிப்பதே ஒரு படிப்பு.

வாசிக்க இருபது நிமிஷம் தந்தால், இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்த எட்டுப் பக்கத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். பதினைந்து பக்கத்தோடு போய், மணி அடித்ததும் பக்கம் தாண்டித் தாண்டி ஓடுகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். கட்டுரைக்கு ஒரே ஒரு வாதம் போதும். அதை வீட்டில் சத்தமாக வாசித்துக் கடிகாரம் பாருங்கள்.

மேற்கோள் எடுக்கும்போதே பக்க எண்ணைக் குறித்துவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற சொல்லை அகராதியிலிருந்தே நீக்க வேண்டும். ஒரு பெண் ஆய்வேட்டை ஒப்படைக்கும் முந்தைய நாள் ஒரே ஒரு வரியின் பக்க எண்ணுக்காக அழுதுகொண்டு வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நானூறு பக்கத்தைச் சாயங்காலம் வரை புரட்டினோம். வரி அந்தப் புத்தகத்திலேயே இல்லை, வேறு புத்தகத்தில் இருந்தது! மேற்கோள் முறைக்கு எம்.எல்.ஏ. எனப்படும் அமெரிக்க நவீன மொழிச் சங்கத்தின் கையேடு, இப்போதைய ஒன்பதாம் பதிப்பு 2021இல் வந்தது. பழைய கையேட்டை வைத்து எழுதினால் வழிகாட்டியிடம் திட்டு வாங்குவீர்கள். ஜொடேரோ என்ற இலவச மென்பொருள் 2006 முதல் இருக்கிறது, நூற்பட்டியலை அதுவே அடுக்கிக் கொடுக்கும். ஆனால் கொடுத்த தகவலைத்தான் அடுக்கும். ஆசிரியர் பெயரைத் தப்பாகக் கொடுத்தால் தப்பையும் அழகாக அடுக்கும். குழப்பம் வந்தால் பர்டியூ பல்கலைக்கழகத்தின் எழுத்துக்கூடம் இணையத்தில் எடுத்துக்காட்டுகளோடு விளக்குகிறது.

பேராசிரியரின் அறைக்குப் போகவே பயமாக இருக்கிறது. என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.
– முதலாண்டு மாணவி

புத்தகத்தோடு போங்கள். பக்கத்தைத் திறந்து வைத்து, "இந்த வரி புரியவில்லை" என்று விரலால் காட்டுங்கள். "எனக்கு இந்தப் பாடமே புரியவில்லை" என்று சொன்னால் அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. நீங்கள் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். ஒரு வரி என்றால் அவருக்கும் சுவாரசியம். அவருக்கும் புரியாத வரியாக இருந்தால் இன்னும் நல்லது, அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம். சில கதவுகள் உண்மையிலேயே திறக்காது. அது உங்கள் குற்றமில்லை, அடுத்த கதவுக்குப் போங்கள்.

ஆங்கிலத் துறையில் மொழிபெயர்ப்புப் பட்டறை வைக்கிறார்கள். தமிழ்க் கவிதையோடு வரச் சொல்கிறார்கள். ஆங்கிலம் படிக்க வந்த இடத்தில் தமிழுக்கு என்ன வேலை?
– முதுகலை மாணவர்

ஆங்கிலத்தின் எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதற்குள் இன்னொரு மொழியைத் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் இடிக்கும்.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள். 'யாயும் ஞாயும் யாரா கியரோ, எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்.' யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். எந்தை, நுந்தையும் அப்படியே. உறவுச் சொல்லுக்குள்ளேயே நானும் நீயும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் தாய் தனி, என் தனி, உன் தனி. ஏ. கே. ராமானுஜன் 1967இல் இதை மொழிபெயர்த்து வெளியிட்டபோது அவரும் 'என்', 'உன்' என்று பிரித்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. தமிழில் முதலிலிருந்தே சேர்ந்திருக்கிற இரண்டு பேர் ஆங்கிலத்தில் பிரிந்து நின்று சேர்கிறார்கள். செம்மண்ணில் விழுந்த மழைநீர் போல நெஞ்சம் கலந்தது என்று முடிகிற பாட்டில் இது சின்ன விஷயமா? எனக்கும் இது பட்டறையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோதுதான் உறைத்தது. அதுவரை மனப்பாடச் செய்யுள்.

பட்டறைக்கு முடிந்த மொழிபெயர்ப்போடு போகாதீர்கள். மூன்று விதமாக முயன்று மூன்றிலும் தோற்ற வரியோடு போங்கள்.

அம்மா, நூலகப் புத்தகத்தில் பென்சிலால் குறிப்பு எழுதலாமா? மை இல்லை, பென்சில்தானே?
– பெயர் வேண்டாம் என்கிற மாணவர்

கூடாது.

நீங்கள் யாரென்று கையெழுத்தை வைத்தே எனக்குத் தெரிந்திருக்கும், பணியில் இருந்தால். 'மிடில்மார்ச்' நாவலின் எங்கள் பிரதியில் ஒருவர் ஓரமெல்லாம் பென்சிலால் எழுதியிருந்தார். டொரோத்தியா அந்த வயதான பண்டிதரைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிற இடத்தில், "வேண்டாம், வேண்டாம்" என்று இரண்டு தடவை. இருபது பக்கம் தள்ளி வேறொரு கையெழுத்து, "நான் அப்பவே சொன்னேன்." மூன்றாவதாக ஒருவர் வந்து, "கடைசி வரை படியுங்கள்" என்று எழுதியிருந்தார். ரப்பரோடு உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்தை அழித்தேன். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ரப்பரை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் இரவல் வாங்கிய புத்தகங்களிலெல்லாம் எழுதுவார். ஓரக்குறிப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'மார்ஜினாலியா' என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் எழுதிய ஓரக்குறிப்புகள் மட்டுமே ஆறு தொகுதி அச்சாகியிருக்கின்றன. அவருக்குப் புத்தகம் கொடுத்தால் வட்டியோடு திரும்பி வரும் என்று நண்பர் சார்லஸ் லாம் 1820இல் ஒரு கட்டுரையில் எழுதினார்.

கோல்ரிட்ஜ் வந்தால் கொடுப்பேன். நீங்கள் பென்சிலை வெளியில் வைத்துவிட்டு வாருங்கள்.